பத்தாவது கேள்வி

போன கிழமை றெஜினாவை நாம் விட்டுவந்தது குசினி வாசலில், கையில் ஒரு கடிதத்தோடு.

அரசாங்கக் கடிதம். படுக்கையோடு கிடக்கும் முதியவர்களுக்கான பராமரிப்பு உதவி கேட்டு, தகப்பன் நீக்கிலாப்பிள்ளையின் பேரில் அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள் அல்லவா? அதை விசாரிக்க வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு உத்தியோகத்தர் வீட்டுக்கே வருகிறாராம். பெற்ற பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை பேரும் அவர் முன்னால் நின்று, 'எங்களால் பார்க்க இயலாது' என்று கையெழுத்து வைக்க வேண்டுமாம். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி.

பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் பிரகாஸ் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறான். நடுவிலாள் றெஜினா. கடைக்குட்டி சுபாஸ் பருத்தித்துறையில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். இந்தக் குருநகர் வீட்டுப் படலையை அவன் தாண்டி இருபத்திநாலு வருஷம். தாய் யோசப்பின் செத்தபோதுகூடச் சேமக்காலைக்கு வந்து மண் போட்டுவிட்டு, அப்படியே திரும்பிப் போனவன்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததே இரத்தத்தோடுதான்.

ஆறு மணிக்குக் கஞ்சி பருக்க றெஜினா கட்டிலடிக்குப் போனாள். கட்டிலின் இடதுபக்கம் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். வலதுபக்கத்தில் ஒரு ஸ்டூல். கஞ்சிக் கோப்பையை அதில் வைத்துவிட்டுத் தலையணையை நிமிர்த்தக் குனிந்தவள், வாயைச் சும்மா வைத்திருந்திருக்கலாம்.

"அப்பு, இண்டைக்குச் சுபாஸைக் கூட்டிக்கொண்டு வரப்போறன்" என்றாள்.

சில்வர்க் கோப்பை பறந்து வந்து அவளுடைய இடது புருவத்தில் விழுந்தது. கண்ணுக்குள் கஞ்சி, கஞ்சிக்குள் இரத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உவன்... வரப்படாது" என்றார் நீக்கிலாப்பிள்ளை, கோணிய வாயால்.

பதினாலு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து அவருடைய வலதுபக்கத்தை இழுத்துப் போட்டது. நடை போயிற்று, வலதுகை போயிற்று, பேச்சில் பாதி போயிற்று. இடதுகை முப்பது வருஷத்துக்கு முன்னமே பாதிக்கை. படகு எஞ்சின் காற்றாடி நாலு விரலைக் கொண்டுபோய்ப் பெருவிரலை மட்டும் விட்டுவைத்திருந்தது. இத்தனை போயும் மனிசனுடைய கோபத்தில் ஒரு சொட்டும் போகவில்லை. மொட்டைக் கையால் குத்துவார். பக்கத்தில் வந்தால் கடிப்பார். மகளின் முழங்கைக்குக் கீழே பல்லுப் பதிந்த இடங்கள் இருந்தன. அவள் வெயில் நாளிலும் நீளக்கைச் சட்டைதான் போடுவாள்.

மொட்டைக் கையால் கோப்பையைத் தட்டிவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். புருவத்தில் பஞ்சை வைத்து ஒட்டினாள். கஞ்சி சிந்திய நிலத்தைத் துடைத்தாள். பிறகு புதுக் கஞ்சி வார்த்து, கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். இப்படி ஒரு பிள்ளை எந்த மனிசனுக்கும் வாய்க்காது, வாய்த்தவருக்கோ அதன் அருமை விளங்காது.

தகப்பனோடு இருக்க வருகிறேன் என்று சொன்ன பிரகாஸ் ஏழு மணிக்கு வந்தான். ஐம்பத்தொரு வயது, கடலில் காய்ந்த உடம்பு, காலையிலேயே சிவந்த கண்.

"என்ன, பேந்தும் அடி வாங்கிப்போட்டியே?"

"அண்ணை, ரெண்டு மணிமட்டும் குடிக்காதை. கையெழுத்து வைக்கவேணும்."

"தொடமாட்டன், அந்தோனியாராணை."

அந்தோனியாரிடம் அவன் பேரில் இப்படி எத்தனையோ சத்தியம் நிலுவையில் கிடந்தது. இருந்தும் றெஜினா அவனை நம்பித்தான் பஸ் ஏறினாள். வேறு யாரை நம்புவாள்?

பஸ்ஸில் இருந்துகொண்டு, உத்தியோகத்தர் கேட்கப்போகும் பத்துக் கேள்விகளையும் மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். கிராம அதிகாரி விதானையார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பத்தில் ஆறுக்காவது 'ஏலாது' என்று வரவேண்டும். கிழவருக்குக் கண் தெரியும், காது கேட்கும், கதைக்க முடியும், அறிவு தெளிவு. அந்த நாலிலும் 'ஏலாது' வராது. நடக்க ஏலாது, நிற்க ஏலாது, கட்டிலை விட்டு இறங்க ஏலாது, குளிக்க ஏலாது, மலசலகூடம் போக ஏலாது. அது ஐந்து. மிச்சம் பத்தாவது கேள்வி: தன் கையால் எடுத்துச் சாப்பிட இயலுமா? வலதுகை செத்துப்போனது, இடதுகை பிடிக்காது. அதுதான் ஆறு.

உதவி கிடைத்தால் மாசக் கொடுப்பனவோடு, கிழமையில் நாலு நாள் பகலில் ஓர் ஆள் வந்து கிழவரைப் பார்க்கும். றெஜினாவுக்கு அந்த நாலு நாள்தான் வேண்டும். அவள் முன்பு வேலை செய்த நண்டுக் கொம்பனியில் இந்த மாசக் கடைசிமட்டும் அவளுடைய இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தாறு வயதில், கல்யாணமும் வந்து வந்து திரும்பிப் போன பிறகு, அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்: பகல் முழுக்க யாரும் கடிக்காத ஓர் இடம். நண்டுகூடச் செத்த பிறகுதான் அங்கே அவள் கைக்கு வரும்.

பருத்தித்துறையில் சுபாஸ், தன் வீட்டு வாசலில் ஒரு படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குந்தியிருந்தான். அக்காவைக் கண்டதும் எழும்பவில்லை.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை, தம்பி. ஒரு கையெழுத்துக்கு வந்தனான்."

சொன்னாள். உதவி, உத்தியோகத்தர், இரண்டு மணி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சுபாஸ் கேட்டு முடித்தான். கையிலிருந்த ஸ்பானரைச் சுவருக்கு எறிந்தான். அது அவளுடைய காதோரத்தால் போய், சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது.

"அந்தாளுக்கு நான் உதவி எடுத்துக் குடுக்கவோ?"

"அவருக்கு இல்லையடா. எனக்கு."

அவன் சேட்டைக் கழற்றினான். முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றான். தோளிலிருந்து இடுப்புவரை தடித்த வரிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கருத்துப்போய், ஓரம் சுருண்டு, பார்க்கும் கண் கூசியது.

"இந்தா. இதிலை எழுதச் சொல்லு, 'எங்களாலை ஏலாது' எண்டு. இடம் கிடக்கோ எண்டு பார்."

றெஜினாவால் பார்க்க முடியவில்லை. அந்த வரிகள் அவளுக்குப் புதிது அல்ல.

உள்ளேயிருந்து அவன் மனைவி ஜெசிதா வந்தாள். புருஷனையும் பார்க்காமல் முதுகையும் பார்க்காமல் மச்சாளின் நெற்றியைப் பார்த்தாள்.

"இஞ்சரப்பா, முதலிலை அக்கான்ரை முகத்தைப் பாருங்கோ."

சுபாஸ் திரும்பினான். பஞ்சு சிவந்து ஊறியிருந்தது. "அந்தாளோ?"

"கதவு" என்றாள் றெஜினா.

"எங்கடை வீட்டுக் கதவுக்கு நல்லா அடிக்கத் தெரியும்."

ஜெசிதா கொடியிலிருந்து தோய்த்த சேட் ஒன்றை எடுத்து அவன் தோளில் போட்டாள். "போட்டு வாங்கோ. அவருக்காக இல்லை. பின்னேரத்துக்கிடையிலை வந்திடுங்கோ" என்றாள். நல்ல மனிசி. அவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பின்னேரம் யாருடைய இரத்தமும் சிந்தியிராது என்பது வேறு கதை.

மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். நெல்லியடிச் சந்தியில் வாகனங்கள் மறித்து நின்றபோது, சுபாஸ் திரும்பாமலே கேட்டான்.

"அது இன்னும் கிடக்கோ?"

"எது?"

"உனக்குத் தெரியும்."

வாகனங்கள் நகர்ந்தன, அவன் திரும்பக் கேட்கவில்லை.

அது என்றால் திருக்கைவால். நீக்கிலாப்பிள்ளை தன் இளமையில் பிடித்த பெரிய திருக்கை ஒன்றின் வாலை வெட்டிக் காயவைத்து, ஒன்றரை முழத்துக்குச் சாட்டையாக்கி வைத்திருந்தார். முள்ளும் சொரசொரப்புமாக இருக்கும். அதனால் விழுந்த அடி லேசில் ஆறாது. கூடத்தில் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் அது தொங்கும். அடிப்பது அவர் வேலை. எடுத்துக் கொடுப்பது றெஜினாவின் வேலை. "றெஜி, எடு அதை" என்பார். அவள் எடுத்துக் கொடுப்பாள். எண்ணெய் பூசாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும் என்று மாசத்தின் முதல் சனிக்கிழமை அதற்குச் சுறா எண்ணெய் பூசுவதும் அவள் வேலைதான். இதற்காகவோ என்னவோ, அவளுக்கு மட்டும் ஒருநாளும் அதனால் அடி விழுந்ததில்லை.

சுபாஸுக்குப் பதினேழு வயதில், தாய்க்கு விழவிருந்த அடியை அவன் இடையில் புகுந்து கையால் பிடித்துவிட்டான். திருக்கைவாலைப் பிடித்த முதல் கை அது. தகப்பன் அவனைப் பூவரசோடு கட்டிவைத்து, அவன் தலை தொங்கும்வரை அடித்தார். அன்றைக்கும் அதை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் றெஜினாதான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. சின்னப்பிள்ளை, தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றே முக்கால். நாம் எதிர்பார்த்ததுபோலவே பிரகாஸ் வெறியில் இருந்தான். விறாந்தைக் கதிரையில் சாய்ந்து, சாறம் அவிழ்ந்ததும் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தான். தம்பியைக் கண்டதும் எழும்பி ஆடினான்.

"வந்திட்டார் துரை! அம்மான்ரை சாவுக்கு வாசல் மிதிக்காதவர், அரசாங்கத்துக்கு மிதிக்கிறார்!"

"வாயை மூடு. கையெழுத்தை வைச்சிட்டுப் போறன்" என்றான் சுபாஸ்.

"நான் இஞ்சை பக்கத்திலை கிடந்து சாகிறன். நீ அங்கை சொகுசு."

"நீ பக்கத்திலை கிடந்து என்ன செய்தனீ? அக்கான்ரை முகத்தை நிமிர்ந்து பார்த்தனியே ஒருநாளெண்டாலும்?"

இரண்டு பேருக்கும் நடுவில் றெஜினா நின்றாள். அந்த நேரம் பார்த்துப் படலையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

உத்தியோகத்தர் சிவதர்ஷன் கொடிகாமம் பக்கத்துப் பெடியன். முப்பது வயதும் இராது. செருப்பை வாசலில் கழற்றி, சோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். வயதில் மகன்போல இருந்தாலும் றெஜினாவின் வாயில் 'சேர்' என்றுதான் வந்தது. அவன் அவளை 'அக்கா' என்றான். புருவத்தைப் பார்த்தான், கேட்கவில்லை, பைலைத் திறந்தான்.

கட்டில் கூடத்தில்தான். எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். சுபாஸ் மட்டும் கதவு நிலையோடு நின்றான், தகப்பனைப் பார்க்காமல். பார்க்கக்கூடாது என்று நினைத்து முகத்தைத் திருப்பினால் கண் எங்கே போகும்? சுவருக்குப் போயிற்று. திரு இருதயப் படம், அதன் கீழே ஆணி.

உத்தியோகத்தர் வருகிறார் என்று றெஜினா நிலம் கழுவினாள், சீலை மாற்றினாள், படத்துக்குப் பூ வைத்தாள். அந்த ஆணியில் தொங்குவதை எடுத்து ஒளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருஷமாகக் கண்ணில் பட்டுப் பட்டு, அது சுவரின் ஒரு பகுதியாகிவிட்டிருந்தது.

"ஐயா, கண் தெரியுதோ?"

"தெரியுது" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

கேள்விகள் போயின. தெரியும், கேட்கும், ஏலாது, ஏலாது. சிவதர்ஷன் புள்ளடி போட்டுக்கொண்டே போனான். ஒன்பது முடிந்தது. ஐந்து 'ஏலாது' விழுந்திருந்தது.

"பத்தாவதை எழுத முதல் கையெழுத்துகளை எடுப்பம்" என்றான். "பிள்ளையள் ஒவ்வொருத்தரா வாங்கோ."

பிரகாஸ் ஆடி ஆடி வந்து வைத்தான். றெஜினா வைத்தாள். சுபாஸ் வந்தான், பேனையை வாங்கினான். வாங்கியவன் எழுதாமல் திரும்பச் சுவரைப் பார்த்தான். யன்னல் வெளிச்சத்தில் திருக்கைவால் பளபளவென்று மின்னிக்கொண்டு தொங்கியது.

"ஆர் இதுக்கு எண்ணெய் பூசினது?"

பிரகாஸ் சாறத்தை இறுக்கிக் கட்டினான்.

"கேக்கிறன். இருபத்திநாலு வருஷத்திலை இது உக்கிப் போயிருக்கவேணும். ஆர் பூசினது?"

"நான்தான்" என்றாள் றெஜினா.

அப்போது கட்டிலிலிருந்து சிரிப்புக் கேட்டது. கிழவர்தான் சிரித்தார். கோணிய வாயின் ஒரு பக்கத்தால் காற்றுப் போவதுபோல ஒரு சிரிப்பு. பிறகு சொன்னார்.

"றெஜி... எடு அதை."

இதற்காக அவளைத் திட்டாதீர்கள். அவளுடைய கால் தானாக ஓர் அடி வைத்தது. சுவரை நோக்கி ஒரே ஓர் அடி. நாற்பது வருஷப் பழக்கம், அவளைக் கேட்காமல் காலுக்குள் இருந்து எழும்பியது. அடுத்த அடி வைக்கமுன் தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். ஆனால் அந்த ஓர் அடியைச் சுபாஸ் கண்டுவிட்டான்.

"நீ நில்லு" என்றான். "இண்டைக்கு நானே எடுக்கிறன்."

பேனை நிலத்தில் விழுந்தது. ஆணி பெயர்ந்தது, படம் ஒரு பக்கம் சரிந்தது. முதல் அடி கட்டில் சட்டத்தில் விழுந்து, பலகை தெறித்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது பிரகாஸ் பாய்ந்தான். வெறியில் இருந்தாலும் கடல்காரன் கை, ஒரே குத்து. சுபாஸின் வாயிலிருந்து பல்லோடு இரத்தம் தெறித்து உத்தியோகத்தரின் வெள்ளைச் சேட்டில் விழுந்தது.

"ஐயோ, விடுங்கோ!" என்று சிவதர்ஷன் கத்தினான். "பொலிசுக்குப் போன் அடிப்பன்!"

யார் காதில் விழுகிறது? சுபாஸ் திருக்கைவாலை விசிறினான். பிரகாஸின் கன்னம் காதுமுதல் தாடைவரை பிளந்தது. அவன் அலறிக்கொண்டு தம்பியின் கழுத்தைப் பிடித்தான். இருவரும் ஸ்டூலில் விழுந்து, ஸ்டூல் முறிந்து, நிலத்தில் உருண்டார்கள். றெஜினா பிரகாஸின் சேட்டைப் பிடித்து இழுத்தாள். முழங்கை ஒன்று அவள் நெஞ்சில் இடித்தது. மூச்சு நின்றுவிடும்போல இருந்தது, பிடியை விடவில்லை. சேட்தான் கிழிந்து கையோடு வந்தது. சுபாஸ் தமையனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். ஒருதரம். இன்னொருதரம். பிரகாஸ் அப்படியே சரிந்து இருந்துவிட்டான்.

சுபாஸ் எழும்பினான். கட்டிலடிக்குப் போனான். அழுதுகொண்டிருந்தான் என்பதை அவன் அறிந்திருக்கமாட்டான்.

"அம்மாக்கு விழுந்தது எத்தினை, சொல்லு. எனக்கு விழுந்ததை நானே எண்ணினன். அம்மாக்கு எத்தினை?"

கையை ஓங்கினான். திருக்கைவால் கிழவரின் முகத்துக்கு நேரே இறங்கியது.

இறங்கியது முகம்வரை போகவில்லை.

நீக்கிலாப்பிள்ளையின் வலதுகை எழும்பியிருந்தது. பதினாலு மாதமாகப் போர்வைக்கு மேல் செத்த மீன்போலக் கிடந்த கை. ஐந்து விரலும் மடிந்து, திருக்கைவாலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. பிடித்தது மட்டுமல்ல, ஒரு சுண்டுச் சுண்டி மகனின் கையிலிருந்து பறித்தும் விட்டது.

சிவதர்ஷன் வாயைத் திறந்தபடி நின்றான். நிலத்தில் கிடந்த பிரகாஸ்கூட ஒரு கண்ணால் பார்த்தான். எல்லோருடைய முகத்தையும் கண்ட பிறகுதான் கிழவருக்குத் தான் என்ன செய்தார் என்று உறைத்தது. பிடியை விட்டார். கையைப் போர்வைக்கு மேல் தொப்பென்று போட்டார், பழையபடி செத்துப்போனதுபோல. கொஞ்சம் பிந்திவிட்டார்.

சுபாஸ் சிரித்தான். பல்லுப் போன இடத்தால் இரத்தம் வழிய வழியச் சிரித்தான். நிலத்தில் பேனையைத் தேடி எடுத்துக் கையெழுத்தை வைத்தான். தாளில் பெருவிரல் சிவப்பாகப் பதிந்தது.

"எங்களாலை பார்க்க ஏலாது. என்ரை சீவியத்திலை இவ்வளவு உண்மையான ஒண்டுக்கு நான் கையெழுத்து வைக்கேல்லை, சேர்."

பிறகு தமையனின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். "எழும்பு. ஆசுப்பத்திரிக்குப் போவம். கன்னம் தைக்கவேணும்."

"உன்ரை பல்லு?" என்றான் பிரகாஸ்.

"அது கிடக்கட்டும், வா."

ஒருவனை ஒருவன் கொல்லப் பார்த்த அண்ணனும் தம்பியும் ஒரே மோட்டார்சைக்கிளில் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள். போகும்போது சுபாஸ் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, வெட்கமா, இன்னும் அந்த ஓர் அடியையே நினைத்துக்கொண்டிருந்தானா, தெரியாது.

சிவதர்ஷன் விறாந்தையில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தான். றெஜினா வெளியே வந்தாள்.

"சேர், எனக்குத் தெரியாது. மாதாவாணை, எனக்குத் தெரியாது."

"விளங்குது, அக்கா." பெடியன் நல்லவன், சேட்டில் இரத்தத்தோடு நின்றும் குரல் உயரவில்லை. "பத்தாவதை நான் இன்னும் எழுதேல்லை. பயத்திலை ஒருக்கால் கை எழும்பினது எண்டும் இருக்கலாம். அதை வைச்சு அவர் கையாலை சாப்பிடுவார் எண்டு நான் எழுத ஏலாது. பதினாலு மாசமாப் பார்க்கிற ஆள் நீங்கள். திங்கக்கிழமை காலமை கந்தோருக்கு வந்து, ஏலுமோ ஏலாதோ எண்டு உங்கடை கையாலை எழுதித் தாங்கோ. நீங்கள் எழுதுறதைத்தான் நான் அனுப்புவன்."

"ஏலும் எண்டு எழுதினால்?"

"அஞ்சுதான் வரும். உதவி இல்லை."

"ஏலாது எண்டு எழுதினால்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பேந்து ஆரும் விசாரிக்க வந்து உண்மை தெரிஞ்சால், பொய் எழுதினது நீங்கள் எண்டு வரும். வழக்கும் வரலாம்" என்று சொல்லிவிட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனான்.

றெஜினா உள்ளே வந்தாள். முறிந்த ஸ்டூல், நிலத்தில் இரத்தம், சரிந்த படம். கட்டிலில் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், நித்திரைபோல.

அவளுக்குக் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. கோப்பை இருந்தது வலதுபக்கத்து ஸ்டூலில். இடதுகை அவ்வளவு தூரம் எட்டாது. எட்டினாலும் பெருவிரல் ஒன்றை வைத்துக்கொண்டு கோப்பையைத் தூக்கி எறிய முடியாது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கலைந்து கிடந்த போர்வை அவள் வருமுன் கழுத்துவரை ஏறியிருந்த நாட்கள். தலைமாட்டில் வைத்த செபமாலை கால்மாட்டில் கிடந்த நாள். எத்தனை மாதம்? அவள் கரண்டி கரண்டியாகப் பருக்க, வாய் துடைக்க, அந்தக் கை எத்தனை மாதம் போர்வைக்கு மேல் சும்மா கிடந்து பார்த்துக்கொண்டிருந்தது? கை வந்துவிட்டது என்று தெரிந்தால், சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு மகள் நண்டுக் கொம்பனிக்குப் போய்விடுவாள். அதற்காக. அவள் இந்த வீட்டை விட்டு ஒரு பகல்கூட வெளியே போகக்கூடாது என்பதற்காக.

தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

குசினிக்குப் போனாள். மிச்சக் கஞ்சியைச் சுடவைத்து, கோப்பையில் வார்த்து, கரண்டியும் போட்டுக் கொண்டுவந்தாள். ஸ்டூல் இல்லை, கதிரையை இழுத்துக் கட்டிலின் வலதுபக்கத்தில் போட்டுக் கோப்பையை அதில் வைத்தாள். பருக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, சுவரோடு போய் நின்றாள்.

"அப்பு, சாப்பிடுங்கோ."

கிழவர் கண்ணைத் திறந்தார். கோப்பையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். காலையிலிருந்து நல்ல பசி இருந்திருக்கும். இனி நடித்து ஆவதென்ன என்றும் நினைத்திருக்கலாம்.

வலதுகை போர்வைக்கு மேலிருந்து எழும்பியது. கரண்டியைப் பிடித்தது. கஞ்சியை அள்ளி, ஒரு சொட்டும் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனது. இரண்டாவது கரண்டி, மூன்றாவது கரண்டி. அவர் முகத்தில் வெட்கம் ஏதும் இல்லை. எட்டாவது கரண்டியோடு நிமிர்ந்து, அவளைப் பார்த்துச் சொன்னார்.

"உப்புக் காணாது."

றெஜினா தலையை ஆட்டினாள். போய் முன்கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டாள். திரும்பி வரும்போது குனிந்து, நிலத்தில் கிடந்த திருக்கைவாலை எடுத்தாள். எண்ணெய் பூசுவதற்கும் எடுத்துக் கொடுப்பதற்கும் அல்லாமல் அவள் அதைக் கையில் பிடித்தது இதுதான் முதல்தடவை. நீளக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள். பல்லுப் பதிந்த இடங்கள் எல்லாம் தெரிந்தன.

"திங்கக்கிழமை 'ஏலாது' எண்டு எழுதவேணும், பொய்யும் எழுதேலாது. இன்னும் மூண்டு நாள் கிடக்கு, அப்பு" என்றாள்.

கிழவரின் கரண்டி கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.